விடைக்குறிப்பில் இல்லாத பதில்

என் ஓரகத்தி ஆசிரியை ஆனது முப்பத்தைந்து வயதில். அதற்கு முன் பதினோரு வருடம் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தாள். அச்சுக்குப் போகும் தாள்களில் பிழையான எழுத்தையும் விட்டுப்போன வரியையும் சிவப்புப் பேனாவால் வட்டமிடுகிற வேலை. அச்சகத்தை மூடியதும் அஞ்சல்வழியில் ஆசிரியர் படிப்பை முடித்தாள். படி என்று சொன்னது நான். எங்கள் பள்ளியில் ஓர் இடம் காலியாகிறது என்று சொன்னதும் நான். விண்ணப்பத்தை ஹெட்மாஸ்டர் மேசையில் கொண்டுபோய் வைத்ததும் நான்தான். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன் என்பது புரிய ஒரு வருடம் ஆயிற்று.

அவள் என் கணவருடைய தம்பியின் மனைவி. கீழ்த்தளத்தில் நாங்கள், மாடியில் அவர்கள். காலையில் ஒரே பேருந்தில் ஒரே பள்ளிக்குப் போவோம். நான் ஏழே காலுக்கெல்லாம் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். அவள் ஏழரைக்குத் தலையை வாரிக்கொண்டே படியிறங்குவாள். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுவாள். அவளுடைய குடை எந்த வகுப்பில் இருக்கிறது என்பது பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும், அவளைத் தவிர. இப்படிப்பட்ட ஒருத்தியைப் பார்த்துப் பொறாமைப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அவரை ஏற இறங்கப் பார்த்திருப்பேன்.

நான் இருபத்திரண்டு வருடமாக இலக்கியம் கற்பிக்கிறேன். பத்தாம் வகுப்பில் சிறுகதை ஆய்வுக்கென்று ஒரு தனித் தேர்வு உண்டு. முன்பின் படித்திராத கதை ஒன்றைக் கொடுப்பார்கள். பிள்ளைகள் அதைப் பிரித்து ஆராய்ந்து எழுத வேண்டும். அதற்காக நான் ஒரு முறையை உண்டாக்கி வைத்திருக்கிறேன். கரும்பலகையில் ஆறு கட்டம் போடுவேன். களம், காலம், பாத்திரம், முரண், உச்சம், கரு. கதையைப் படி, கட்டத்தை நிரப்பு, ஒவ்வொரு கட்டத்துக்கும் கதையிலிருந்து ஒரு வரியைச் சான்றாகக் காட்டு. அவ்வளவுதான். சோம்பேறிகூட இதில் தேறிவிடுவான். பிள்ளைகள் எனக்குக் ‘கட்டம் டீச்சர்’ என்று பெயர் வைத்திருப்பது தெரியும். நான் அதைக் குறையாக நினைத்ததில்லை.

என் ஓரகத்திக்கு முறை என்று ஒன்றும் கிடையாது. பத்தாம் வகுப்பில் ஏ பிரிவு எனக்கு, பி பிரிவு அவளுக்கு. இரண்டு வகுப்புக்கும் நடுவே இருப்பது மரத்தடுப்பு. அது கூரைவரைக்கும் போகாது. அங்கே தும்மினால் இங்கே கேட்கும். அவள் பாடம் நடத்துகிற அழகை மூன்று வருடமாக நான் கேட்காத நாளில்லை.

ஒரு நாள் பேருந்து நடத்துநர் ஒருவர் சொல்வதாக வரும் கதையைப் பாடமாக எடுத்தாள். சில்லறை இல்லாத பயணியை நடத்துநர் நடுவழியில் இறக்கிவிடுகிற கதை. நான் அதையே ஏ பிரிவுக்கு இருபது நிமிடத்தில் முடித்துவிட்டேன். களம் பேருந்து, முரண் நடத்துநருக்கும் பயணிக்கும், கரு மனிதநேயம். அவளோ அடுத்த பக்கம் ஒரு மணி நேரமாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

“இந்தக் கதையை யாரு சொல்றாங்க?”

“கண்டக்டர், டீச்சர்.”

“சரி. அவரு நம்மகிட்ட எதைச் சொல்லாம விட்டுட்டாரு?”

அவள் எந்தக் கதைக்கும் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். அச்சகத்தில் விட்டுப்போன வரியைத் தேடித்தேடி வந்த புத்தி அது என்று நினைக்கிறேன். அந்தக் கேள்வி விழுந்ததும் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரே கூச்சலாகிவிடும். பயணி முகத்தை நடத்துநர் பார்த்தாரா என்றே கதையில் இல்லை என்பான் ஒருவன். சில்லறை அவர் பையில் இருந்ததா என்றும் சொல்லவில்லை என்பாள் இன்னொருத்தி. பயணி வாயால் கதையைச் சொல்லிப் பார்ப்பார்கள், ஓட்டுநர் வாயால் சொல்லிப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள். அவள் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்கும். என் வகுப்பில் முப்பத்திரண்டு தலைகளும் ஒரே பக்கமாகச் சாயும். “இங்க கவனி” என்று நான் மேசையைத் தட்டுவேன். தட்டித் தட்டி அளவுகோல் இரண்டு உடைந்திருக்கிறது.

அதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்னால் பொறுக்க முடியாதது ஒன்றுதான். பி பிரிவில் என் மகள் இருந்தாள்.

பெற்றவளிடமே பிள்ளை படிக்கக் கூடாது என்பது பள்ளி விதி. இரண்டு பிரிவு இருந்தால் மற்றப் பிரிவில்தான் போடுவார்கள். விதியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் என் மகள் வாய் திறந்தால் சித்தி, மூடினால் சித்தி. சித்தி இன்றைக்கு என்ன கேட்டாங்க தெரியுமா, சித்தி அதை எப்படிச் சொன்னாங்க தெரியுமா. என் காது இரண்டிலும் புகை வராத குறை. ஐந்து மணிக்கு நோட்டுப்புத்தகத்தோடு மாடிக்குப் போனால் எட்டு மணிக்குத்தான் இறங்குவாள். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

“எதுக்குடி அங்க ஓடுற? அம்மாகிட்ட கேட்டா சொல்ல மாட்டேனா?”

“சொல்லுவம்மா. அதான். நீ பதிலையே சொல்லிடுவ.”

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. தட்டைக் கழுவிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். 

என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் வேடிக்கை. “உனக்கு இருக்கிற வயித்தெரிச்சலுக்கு மருந்துக்கடையில மாத்திரை கிடையாது” என்பார். நானும் பொறாமை எல்லாம் இல்லை என்று பூசி மெழுகுவதை விட்டுவிட்டேன். பொறாமைதான். என் பெண்ணை என் கண்ணெதிரே ஒருத்தி மாடிப்படியில் ஏற்றிக் கொண்டுபோகிறாள், நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், வேறு என்ன வரும்.

அந்த வருடக் கடைசியில் எனக்கு ஒரு வழி திறந்தது. பத்தாவது முடிந்ததும் பாதிப் பிள்ளைகள் வேறு பாடங்களுக்குப் பிரிந்துபோய்விடுவார்கள். பதினொன்றில் இலக்கியத்துக்கு இருப்பது ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியை. என் மகள் அந்த வகுப்புக்கு வருவது நிச்சயம். ஒரே வகுப்பு என்பதால் பெற்றவள் என்கிற விதியும் அங்கே செல்லாது. அந்த வகுப்பு எனக்குக் கிடைத்தால் வருடம் முழுக்க என் மகள் என் முன்னால் உட்கார்ந்திருப்பாள். நான் பேசுவதைக் கேட்பாள். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

யாருக்கு அந்த வகுப்பு என்று ஹெட்மாஸ்டர் ஒரு கூட்டம் போட்டுச் சொன்னார். அவர் வேதியியல் நடத்துகிறவர். எதையும் அளந்து பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி.

“சிறுகதை ஆய்வுத் தேர்வுல எந்தப் பிரிவோட சராசரி அதிகமோ, அந்த டீச்சருக்குப் பதினொண்ணாவது. சீனியர் நீங்க, வினாத்தாளை நீங்களே எடுங்க. பேப்பரை மாத்தித் திருத்துங்க. ஏ பிரிவை அவங்க, பி பிரிவை நீங்க.” பிறகு மறுபடியும் என்னிடம், “உங்க பொண்ணு பேப்பர் மட்டும் என்கிட்ட வரட்டும். அம்மாவும் திருத்த வேண்டாம், சித்தியும் திருத்த வேண்டாம். விடைக்குறிப்பை வச்சு நானே போட்டுடறேன்” என்றார்.

வினாத்தாள் எடுப்பவர் விடைக்குறிப்பையும் எழுதித் தர வேண்டும். குறிப்பில் இல்லாத பதில் ஒன்று வந்தால், அது சரியா தவறா என்று அவரே முடிவு சொல்லிக் குறிப்பில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த முடிவு இரண்டு பிரிவுப் பேப்பர்களுக்கும் பொருந்தும். இதெல்லாம் பல வருடமாக நடக்கிறது, எனக்கு மனப்பாடம்.

பிள்ளைகள் எங்கும் படித்திராத கதை வேண்டுமே என்று பத்து நாள் தேடினேன். எதுவும் ஒத்துவரவில்லை. ஒரு ஞாயிறு மதியம் உட்கார்ந்து நானே எழுதிவிட்டேன்.

இரண்டு தையல்காரிகளைப் பற்றிய கதை. மூத்தவள் சொல்வதாக வரும். இருபது வருடம் ஒரே கடையில், அளவுநாடா தோளில் இல்லாமல் யாரும் அவளைப் பார்த்ததில்லை. புதிதாக ஒருத்தி வேலைக்கு வருகிறாள். நாடாவைத் தொடுவதில்லை, கண்ணாலேயே அளந்து கத்தரியை வைக்கிறாள், எதற்கெடுத்தாலும் சிரிக்கிறாள். வாடிக்கையாளர்கள் எல்லாரும் அவள் பக்கம் போகிறார்கள். மூத்தவளின் மகள்கூட மாலை நேரத்தில் போய்ப் புதியவளின் மேசை அருகே நிற்கிறாள். கடைசியில் ஒரு பெரிய சீருடை வேலை வருகிறது. மூத்தவள் அளவெடுத்துக் குறித்துக் கொடுக்கிறாள், புதியவள் வெட்டுகிறாள். அத்தனை உடைகளும் இரண்டு விரற்கடை குட்டையாகிவிடுகின்றன. மூத்தவள் இரவு பகலாகத் தைத்துச் சரிசெய்து கடையின் மானத்தைக் காப்பாற்றுகிறாள்.

எழுதி முடித்ததும் எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று சொல்லி முடியாது. மூன்று வருடமாகத் தொண்டையில் நின்றதெல்லாம் ஒன்றரைப் பக்கத்தில் இறங்கிவிட்டது. ஐந்தாவது கேள்வியை ஆசைஆசையாக எழுதினேன். ‘இக்கதையின் முரணுக்குக் காரணம் யாது? சான்றுடன் விளக்குக. ஐந்து மதிப்பெண்.’ விடைக்குறிப்பில், ‘புதியவளின் பொறுப்பின்மை’ என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

தேர்வு நடந்த அன்று என் ஓரகத்தியும் அந்தக் கதையைப் படித்தாள். ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, கதை நல்லாருக்கு. யாரு எழுதினது?”

“ஏதோ பழைய பத்திரிகையில வந்தது.”

“ஓ” என்றாள். “ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாம எழுதியிருக்காங்க.”

 நான் டீ டம்ளரைக் கழுவப் போவதுபோல எழுந்து போய்விட்டேன்.

பி பிரிவுக் கட்டை மறுநாள் மதியம் பிரித்தேன். முதல் மூன்று பேப்பர் குறிப்புப்படியே இருந்தன. நாலாவதில் ஐந்தாம் கேள்விக்கு ஒரு பையன், ‘முரணுக்குக் காரணம் கதை சொல்பவரே’ என்று எழுதியிருந்தான். என் பேனா நின்றது.  குறிப்பைப் பார்த்தேன், அதில் அப்படி இல்லை. சைபர் போட்டேன். அடுத்ததில், ‘அளவு குறித்தது யார் என்று பாருங்கள்’ என்று இருந்தது. அதற்கும் சைபர். இப்படிப் பதினோரு பேப்பர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருந்தார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். குறிப்பில் இல்லாத பதில் வந்திருக்கிறது என்று நான் எழுந்துபோய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பதினோரு சைபரையும் நன்றாக வட்டமாகப் போட்டேன்.

அவள் ஏ பிரிவைத் திருத்தி முடித்துக் கட்டை என்னிடம் நீட்டினாள். என் பிள்ளைகள் எல்லாரும் ஆறு கட்டத்தையும் நிரப்பியிருந்தார்கள். ஐந்தாம் கேள்விக்கு முப்பத்திரண்டு பேரும், ‘புதியவளின் பொறுப்பின்மை’ என்று ஏறக்குறைய அதே சொற்களில் எழுதியிருந்தார்கள். அவள் அத்தனை பேருக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தாள்.

“உங்க பிள்ளைங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குக்கா” என்றாள்.

அவள் பாராட்டியது கையெழுத்தை மட்டும்தான் என்பது பேருந்தில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது.

கூட்டிப் பார்த்தேன். ஏ பிரிவு அறுபத்தெட்டு புள்ளி இரண்டு. பி பிரிவு அறுபத்தேழு புள்ளி நாலு. என் மகளின் பேப்பர் ஒன்றுதான் பாக்கி, அது எப்படி வந்தாலும் பெரிதாக மாறாது. ஒரு மார்க்குகூட முழுசாக இல்லாத வித்தியாசம்தான், ஆனால் எனக்குப் போதும். அன்று மாலை பதினொன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தை எடுத்து அட்டை போட்டேன். மகள் மாடிக்குப் போனபோது, போய் வா, இன்னும் ஒரு மாதம்தானே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் கடைசி மணி அடித்ததும் ஹெட்மாஸ்டர் எங்கள் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் என் மகளின் பேப்பரும் என் விடைக்குறிப்பும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. மனிதர் களைத்துப்போயிருந்தார்.

“அஞ்சாவது கேள்விதான். நாலு தடவை படிச்சுட்டேன். குறிப்புல இருக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா தப்புன்னு போடவும் கை வரல. வினாத்தாள் எடுத்தவங்க நீங்க. படிக்கிறேன், சொல்லுங்க.”

உப்புக்கும் அமிலத்துக்கும் சமன்பாடு படிக்கிற அதே குரலில் அவர் படித்தார்.

“‘முரணுக்குக் காரணம் புதியவள் என்று கதை சொல்பவர் சொல்கிறார். ஆனால் அளவைக் குறித்துக் கொடுத்தவர் அவரேதான். சரியாகக் குறித்தேன் என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. புதியவள் சிரித்தாள் என்று நான்கு முறை சொல்கிறார். யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. ஆகவே முரணுக்குக் காரணம் கதை சொல்பவரின் பொறாமை.’”

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதலிலேயே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியது. போன வருடம் ஆண்டுத் தேர்வுக்கான பாடப் பட்டியலை நான்தான் எழுதி என் ஓரகத்தியிடம் கொடுத்தேன். அதில் ஒரு பாடம் விட்டுப்போயிருந்தது. பி பிரிவுக்கு அந்தப் பாடத்தை அவள் நடத்தவே இல்லை. தேர்வில் அதிலிருந்து இரண்டு கேள்வி வந்தது, அவள் எல்லார் முன்னாலும் பேச்சு வாங்கினாள். கைதவறிவிட்டது என்று சொன்னேன். “பரவாயில்லக்கா, நானும் சரிபார்த்திருக்கணும்” என்றாள். கைதவறித்தானா என்று நான் என்னையே கேட்டுக்கொண்டதில்லை. கதையில் அந்த அளவுக் குறிப்பை, மூத்தவள் எவ்வளவு வேலை செய்கிறாள் என்று காட்டத்தான் எழுதியதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

“இதோட நிறுத்தியிருந்தா நானே சைபர் போட்டிருப்பேன்” என்றார் ஹெட்மாஸ்டர். “மேல எழுதியிருக்கு, கேளுங்க. ‘ஆனால் அவர் கெட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை. இருபது வருடம் ஒழுங்காகத் தைத்தவரை யாராவது ஒரு நாள் பாராட்டியதாகக் கதையில் இல்லை. அவருடைய மகள் ஒரே ஒரு வரியில் வருகிறாள். புதியவளின் மேசை அருகே நிற்கிறாள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் இப்படிச் சொல்லியிருப்பாள்: அம்மா என் கையில் கத்தரியைக் கொடுப்பதில்லை. நான் தப்பாக வெட்டிவிடுவேன் என்று பயப்படுகிறார். இங்கே தப்பாக வெட்டினாலும் திட்டுவதில்லை. அதனால்தான் இங்கே வந்து நிற்கிறேன். அம்மாவைப் பிடிக்காமல் இல்லை.’ அவ்வளவுதான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நான் மேசைமேல் இருந்த காகிதக்கட்டின் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை நிமிர்த்தினால் பக்கத்தில் இருப்பவள் முகம் தெரியும், அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

“உங்க கட்டுல இந்த மாதிரி வேற யாராவது எழுதியிருக்காங்களா?”

“பதினோரு பேரு.”

“என்ன போட்டீங்க?”

“சைபர்.”

ஹெட்மாஸ்டர் மேசையிலிருந்த கணக்கிடும் கருவியை எடுத்து எதையோ தட்டினார். அவர் தட்டுவது எனக்குத் தெரிந்த கணக்குதான். அந்தப் பதினோரு பேருக்கும் மார்க் கொடுத்தால் பி பிரிவு எங்கேயோ போய்விடும்.

அப்போது என் ஓரகத்தி பேசினாள்.

“சார், அக்கா குறிப்புப்படிதான் போட்டிருக்காங்க. அதுல தப்பில்ல. குறிப்பை இப்ப மாத்த வேண்டாம். ரிசல்ட் அப்படியே இருக்கட்டும்.”

அது யாருக்கு லாபம் என்று தெரிந்தேதான் சொன்னாள். பதினொன்றாம் வகுப்பை எனக்கு விட்டுக்கொடுக்கிறாள். என் மகளை எனக்கு விட்டுக்கொடுக்கிறாள். பாத்திரத்தில் மிஞ்சியதை எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா என்பதுபோல, சிரித்த முகமாக, மனதார. அதுதான் என்னைக் கொன்றது. பாடம் நடத்துவதில் என்னை மிஞ்சினாள், பிள்ளைகளிடம் மிஞ்சினாள், இப்போது பெருந்தன்மையிலும் என்னை மிஞ்சிவிட்டுப் போவாளா. அதையும் அவளிடம் விட்டுவிட்டு நான் எந்த முகத்தோடு அந்த வகுப்பில் போய் நிற்பேன்.

“குறிப்பை இப்படிக் குடுங்க சார்” என்றேன்.

‘புதியவளின் பொறுப்பின்மை’ என்பதற்குக் கீழே, ‘கதை சொல்பவரின் பொறாமை என்பதும் சரியான விடை. முழு மதிப்பெண் தருக’ என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன், தேதி போட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் என் விடைக்குறிப்பு ஒன்றை நான் திருத்தியது அதுதான் முதல் தடவை. நியாயம் தோன்றித் திருத்தினேன் என்று நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். அப்போதும் பொறாமைதான் என் கையைப் பிடித்து எழுத வைத்தது.

பதினோரு சைபரையும் அடித்து, பக்கத்தில் ஐந்து என்று போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பி பிரிவு அறுபத்தொன்பது புள்ளி ஒன்று. பதினொன்றாம் வகுப்பு அவளுக்குப் போயிற்று.

பள்ளி மாடிப்படி இறங்கும்போது அவள் என்னோடு சேர்ந்துகொண்டாள். குடையை எங்கேயோ விட்டுவிட்டு வந்திருந்தாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? கதையில அந்த அளவு குறிக்கிற விஷயம். தெரிஞ்சே வச்சீங்களா, தானா வந்துச்சா?”

பழைய பத்திரிகை என்று மறுபடியும் சொல்ல வாய் வந்தது. “தானா வந்துச்சு” என்றேன்.

“அப்ப அது நல்ல கதைதான்” என்றாள். பாடப் பட்டியலைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன், பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் உடனே பரவாயில்லை என்று சொல்லவில்லை. பேருந்தில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள். அப்படிச் செய்தது எனக்கு ஒரு வகையில் ஆறுதலாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தடிக்கப் போகிறது. மகள் நோட்டுப்புத்தகத்தோடு மாடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நாங்கள் பேருந்தில் வரும்போதே ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போன் போட்டு அவளிடம் மார்க்கைச் சொல்லியிருக்கிறார்.

“அம்மா, அஞ்சாவது கேள்விக்கு முழு மார்க்காம். நீதான் குடுக்கச் சொன்னியாமே. அந்தக் கதை யாரு எழுதினதும்மா?”

“நான்.”

அவள் செருப்பு மாட்டுவதை நிறுத்தினாள்.

“பாதியில எனக்குச் சந்தேகம் வந்துச்சு. நீ எங்க கதை எழுதப்போறன்னு விட்டுட்டேன்.” செருப்பைக் கழற்றிவிட்டு, “அப்ப அந்தப் பொண்ணு” என்று ஆரம்பித்து, முடிக்காமல் நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “அவளை ஏம்மா ஒரு வார்த்தைகூடப் பேச விடல?”

நான் கைப்பையைக் கீழே வைத்தேன்.

“நான் அவகிட்ட எதுவும் கேக்கலடி” என்றேன்.

 நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “இப்பக் கேக்கிறேன், சொல்லு” என்றேன். நோட்டுப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தாள். பிறகு சித்தியிடமிருந்துதான் ஆரம்பித்தாள். சித்தி முதல் நாள் வகுப்புக்கு வந்தது, சித்தி அவளிடம் கேட்ட முதல் கேள்வி, அதற்கு அவள் சொன்ன தப்பான பதில். எனக்கு வயிறு எரிந்தது. சரியான பதிலை எடுத்துக் கொடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.